சேரங்கோட்டில் ஒரு பிஸ்கட் டின்

"அம்மா! அந்தக் கிண்ணத்தைக் கொட்டிடாதே, அதுல தேயிலை ஊறுது!"

பாயசத்துக்கு முந்திரி ஊறப்போட எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் கிண்ணம் அது. எட்டிப் பார்த்தால் தேயிலையாவது ஒன்றாவது! தண்ணீரில் மிதந்தவை நாலைந்து தபால்தலைகள். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பெண்ணுக்கு ஒரு வருஷமாக இந்தப் பைத்தியம். அதிலும் கண்டதையெல்லாம் சேர்ப்பதில்லை; தேயிலைப் படம் உள்ளதாக இருக்க வேண்டும். "உன் அம்மா காப்பி இல்லாமல் கண் திறக்க மாட்டாள், நீ தேயிலை சேர்க்கிறாயாக்கும்!" என்று என்னவர் கேலி செய்வார்.

அந்தச் சமயத்தில்தான் என் பள்ளித் தோழியிடமிருந்து அழைப்பு வந்தது. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் பக்கம் சேரங்கோட்டில் ஆசிரியையாக இருக்கிறாள். "காலாண்டு லீவுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. தேயிலையைப் படத்தில் பார்த்தது போதும், செடியிலேயே பார்க்கட்டும்" என்றாள். கிளம்பிவிட்டோம். திரும்பி வரும்போது என் பெண்ணின் ஆல்பத்தில் ஒரே ஒரு தலைகூடக் கூடவில்லை. ஆனால் தபால்தலை சேர்ப்பது பற்றி நாங்கள் இருவரும் நினைத்துக் கொண்டிருந்தது அடியோடு மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மலை ரயிலும் மழைப் பாதையும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயிலில் ஏறினோம். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் வந்த ரயில் இது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை. என்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, மூச்சு வாங்கும் பாட்டியம்மாள் படியேறுவது போல ஏறுகிறது. 2005இல் இதை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் நம் தபால் இலாகா அதற்கு முன்பே மரியாதை செய்துவிட்டது! 1993இல் வந்த மலை ரயில் என்ஜின்கள் வரிசையில் நம் நீலகிரி என்ஜினும் உண்டு. என் பெண் ஆல்பத்தைத் திறந்து அந்தத் தலையை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டாள்.

ஊட்டியிலிருந்து பஸ். நடுவட்டம் வளைவுகளில் இறங்கி, கூடலூர், நாடுகாணி, தேவாலா தாண்டினால் பந்தலூர். ஊட்டியின் குளிர் இங்கே இல்லை. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக் கொண்டோம். ஆனால் மழை! தென்மேற்குப் பருவமழை வந்தால் இந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுமாம். நாங்கள் போனது அதன் கடைசி நாட்களில். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே சவுக்கு மரம் போல உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், வீட்டுக் கொல்லைகளில் பலாவும் மிளகுக் கொடியும், பஸ்ஸில் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாடு. பந்தலூரில் வேறு பஸ் மாறி சேரங்கோட்டில் இறங்கியபோது மாலை ஐந்து மணி. "சீக்கிரம் வீட்டுக்குள்ள வந்துடு. இருட்டினா ரோட்டுல யானை நிக்கும்" என்றுதான் தோழி வரவேற்றாள்!

கொழுந்து பறித்த கை

மறுநாள் காலை தோழி எங்களைத் தோட்டத்துக் குடியிருப்புக்கு அழைத்துப் போனாள். வரிசை வரிசையாக வீடுகள். வாசலில் சாமந்தி, பந்தலில் அவரை. பேச்சு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி காதில் விழுந்தது. ரயிலைக் 'கோச்சி' என்றார்கள். "இவங்கள்லாம் சிலோன்லேருந்து வந்தவங்க" என்று தோழி மெல்லச் சொன்னாள்.

நம்மில் பலருக்கு மறந்தே போன கதை இது. வெள்ளைக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே நாடற்றவர்களாக நின்றார்கள். 1964 அக்டோபரில் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் பங்கு பிரித்தார்கள். மிச்சம் இருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976இல் அது 'டான்டீ' என்ற தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சேரங்கோடு அதன் தோட்டங்களில் ஒன்று.

எண்ணிக்கையில் பிரிப்பது சுலபம். ஆனால் ஒரே வீட்டில் அக்காளுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று விழுந்தால்?

அப்படி வந்த ஒரு மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்தோம். எழுபது வயதிருக்கும். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்திருந்தது. எங்களுக்குப் பாலில்லாத சாயத் தண்ணியும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு வெல்லமும் கொடுத்தார். என் பெண் வழக்கம்போல ஆல்பத்தை விரித்துவிட்டாள்.

"பாட்டி, இது 1965இல் வந்த நம்ம இந்தியத் தலை. 15 பைசா. தேயிலை பறிக்கிற படம். இது 1967இல் வந்த இலங்கைத் தலை. அங்கே தேயிலை போட்டு நூறு வருஷம் ஆனதுக்காக வெளியிட்டாங்க. 1935லேயே கொழுந்து பறிக்கிற பெண் படம் போட்ட தலை அங்கே வந்திருக்கு. அது என்கிட்ட இல்லை."

அந்த அம்மா இலங்கைத் தலையைத் தொடாமல் குனிந்து பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் அதில் இருந்த 'இலங்கை' என்ற தமிழ் எழுத்தின் மேல் அவர் விரல் காற்றிலேயே ஊர்ந்தது. வேறொரு நாட்டின் தலையில் நம் எழுத்து! எனக்கே அப்போதுதான் அது உறைத்தது.

"இந்த மாதிரிதான் தாயி என் தங்கச்சி கடுதாசியில ஒட்டி வரும்" என்று எழுந்து உள்ளே போனவர், ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

சதுர ஓட்டைகள்

அவர் 1976இல், கல்யாணமான புதிதில், கணவரோடு வந்தவர். மலையிலிருந்து கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. தங்கையின் புருஷனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். வருஷத்துக்கு மூன்று நான்கு கடிதம் வரும். பள்ளிக்கூடம் போகும் பெரிய மகன் வாசித்துக் காட்டுவான். 1983 கலவரத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 1984இல் கப்பலும் நின்றுபோயிற்று.

டின்னைத் திறந்தேன். நீல நிற ஏரோகிராம்கள் பத்துப் பன்னிரண்டு. மேலே இருந்ததைப் பிரித்துப் பார்த்தவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கடிதத்தின் நடுவே சதுரமாக ஓர் ஓட்டை! அடுத்ததிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும்.

"எங்க பயலுகதான். அப்ப இஸ்கூல்ல எல்லாரும் தலை சேப்பாங்க. நானும் விவரமில்லாம, வெட்டிக்கோடான்னு கொடுத்துப்புட்டேன்."

ஏரோகிராம் எப்படி இருக்கும் என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். கடிதமும் உறையும் ஒன்றேதான். தலை அதிலேயே அச்சடித்திருக்கும். முகவரிப் பக்கத்தில் அதை வெட்டினால், பின்பக்கம் எழுதியிருக்கும் நாலு வரியும் கூடவே போய்விடும். மெதுவாக ஒன்றை வாசித்தேன். 'அக்கா, எனக்கு மூணாவதும் பொம்பளப் பிள்ளை. உன் ஞாபகமா அதுக்குப் பேர்...' என்று வந்து, ஓட்டை. ஓட்டைக்கு அப்புறம், '...ன்னு வச்சிருக்கோம்' என்று முடிந்தது.

"மகன் அன்னைக்கு வாசிச்சுத்தான் காட்டுனான். பேரு மறந்துபோச்சு. அவனுக்கும் ஞாபகமில்ல" என்றார் அந்த அம்மா. அழவில்லை. சொல்லிவிட்டு என் பெண்ணின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் சாயம் ஊற்றினார்.

என் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போயிற்று. போன மாதம்தான், என் மாமியார் எனக்கு எழுதிய பழைய இன்லண்டு லெட்டர் ஒன்றைக் கத்தரிக்கோலும் கையுமாகக் கேட்டு நின்றாள். நல்லவேளையாக நான் கொடுக்கவில்லை!

வட்டத்துக்குள் ஓர் ஊர்

"தங்கச்சி எந்தத் தோட்டத்துல இருக்காங்க?" என்று தோழி கேட்டாள்.

அதுதான் சிக்கல். முதலில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். 1981 வாக்கில் வேறு இடம் மாறிவிட்டார்கள். அதன் பெயர் இவருக்குத் தெரியாது. கடிதங்களின் தலைப்பில் 'மேல் டிவிசன்' என்று மட்டும் இருந்தது. மேல் டிவிசன் இல்லாத தோட்டம் எது! ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய தபால் முத்திரையோ, தலையோடு சேர்ந்து வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

டின்னின் அடியில் ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டிருப்பதை என் பெண்தான் கண்டாள். மழை ஈரத்தில் கசிந்து தகரத்தோடு பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளை உறை. "இழுக்காதீங்க பாட்டி!" என்று கத்தினாள். ஸ்டீல் ஸ்கேலை அடியில் நுழைத்து, ஓர் ஓரமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாள். கால்மணி நேரம் ஆயிற்று. உறை வந்தது. அதன் மேல் இலங்கைத் தலை இரண்டு, வெட்டுப்படாமல்! பையன்களின் கத்தரிக்கோலிலிருந்து அதைக் காப்பாற்றியது இந்த ஊர் மழை ஈரம்தான்.

தலைகளின் மேல் பாதியும் உறையின் மேல் பாதியுமாக ஒரு வட்ட முத்திரை. பூதக்கண்ணாடியை வைத்து என் பெண் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகச் சொன்னாள். "டி... ஏ... எல்... ஏ... டபிள்யூ... அப்புறம் அழிஞ்சிருக்கு. தேதி தெரியுது. 1982."

"தல... தலவா..." என்று தோழி இழுத்தாள்.

"தலவாக்கலை!" என்றார் அந்த அம்மா. சத்தமாக. "அது ஹட்டனுக்கு அங்கிட்டு. கோச்சியில போவோம்ல!"

உண்மைதான். ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையே, ரயில் பாதையில் இருக்கிற ஊர் அது. இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அங்கேதான். நாற்பது வருஷத்துக்கு மேலாக டின்னின் அடியில் அந்த ஊர் இருந்திருக்கிறது.

முத்திரை என்ன சொல்கிறது?

தபால்தலை எந்த நாடு என்று சொல்லும். எந்த ஊர், எந்த நாள் என்று சொல்வது முத்திரைதான். இதைச் சேர்ப்பவர்களே பலர் மறந்துவிடுகிறார்கள்.

உலகின் முதல் தபால்தலை 1840 மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. கறுப்பு நிறத்தில் விக்டோரியா ராணியின் தலை. ஒருமுறை பயன்படுத்தியதை மறுபடி ஒட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று அதன் மேல் சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். கறுப்பின் மேல் சிவப்பு எடுப்பாகத் தெரியவில்லை; அழிக்கவும் முடிந்தது. ஆகவே அடுத்த வருஷமே தலையைச் சிவப்பாக்கி, முத்திரை மையைக் கறுப்பாக்கிவிட்டார்கள்! நம் நாட்டில் 1852இல் சிந்து மாகாணத்துக்கு மட்டும் தலை வந்தது. 1854 அக்டோபர் முதல் இந்தியா முழுமைக்கும் வந்தது.

காவலுக்கு வந்த முத்திரை பிறகு அலங்காரமும் செய்துகொண்டது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஒரு விமானம் சுமார் 6,500 கடிதங்களைச் சுமந்து யமுனையைத் தாண்டி நைனிக்குப் பறந்தது. உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அதுதான். அந்தக் கடிதங்களுக்கென்றே விமானமும் மலையும் வரைந்த தனி முத்திரை செய்து குத்தினார்கள். இன்று நம் நாட்டில் சுற்றுலாத் தலங்கள், புண்ணியத் தலங்கள் பலவற்றின் தபால் நிலையங்களில் நிரந்தரப் படமுத்திரை இருக்கிறது. கோயில், கோட்டை, பறவை என்று அந்தந்த ஊரின் பெருமையைப் படமாகச் செதுக்கியிருப்பார்கள். 1984இல் அண்டார்டிக்காப் பனியில்கூட நம் 'தக்ஷிண் கங்கோத்ரி' தபால் நிலையம் திறந்தது. அந்த முத்திரைக்கு இன்றும் ஏங்குகிறவர்கள் உண்டு.

தலைகளிலும் வேடிக்கைக்குக் குறைவில்லை. டோங்கா தீவுக்காரர்கள் 1969இல் வாழைப்பழ வடிவிலேயே தலை வெளியிட்டார்கள். பூட்டானில் இசைத்தட்டு மாதிரி சுழலவிட்டால் பாடும் தலை வந்தது. நம் நாடும் சளைத்ததல்ல. 2006இல் சந்தன வாசனை, 2007இல் ரோஜா, 2008இல் மல்லிகை, 2017இல் காப்பி வாசனை! 2011இல் காந்திஜி படத்தோடு கதர்த் துணியிலேயே ஒரு தலை. என் பெண்ணிடம் மல்லிகைத் தலை இருந்தது. பாட்டியின் மூக்கருகே நீட்டினாள்.

"மல்லிப்பூ வாசம் வருதா பாட்டி?"

"பழைய கடுதாசி வாசந்தான் வருது கண்ணு" என்று சிரித்தார். 2008இல் வந்தது, வாசனை போய்விட்டது போலும்!

அவருக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1966இல் வந்த ஒரு ரூபாய்த் தலை. கடிதம் எழுதும் பெண்ணின் பழஞ்சிற்பம் அதில் இருக்கிறது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ யாருக்கு எழுதுறா?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கு

இந்தப் பொழுதுபோக்கு உங்கள் குழந்தைக்கும் பிடித்திருந்தால் தடுக்காதீர்கள். செல்போனை விட்டுக் கண் கொஞ்சம் ஓய்வெடுக்கும், பூகோளமும் சரித்திரமும் தானாக வரும், பொறுமை வளரும். நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதல் விதி: போஸ்ட் கார்டு, இன்லண்டு லெட்டர், ஏரோகிராம் மூன்றையும் எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. முத்திரை தெளிவாக விழுந்த உறைகளையும் முழுசாகவே வையுங்கள். சொந்தக்காரர் எழுதியது என்றால் உள்ளே இருக்கும் கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

முத்திரை கலங்கிய சாதாரண உறைகளில் மட்டும், தலையைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டு வெட்டி, பச்சைத் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் மிதக்கவிடுங்கள். தானே கழன்று வரும். நகத்தால் சுரண்டக் கூடாது. கலர் உறையில் ஒட்டியதைத் தனியாக ஊறவையுங்கள், இல்லாவிட்டால் சாயம் ஏறிவிடும். வெள்ளைத் துணியில் குப்புறப் போட்டு நிழலில் உலர்த்தி, பிறகு கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் படிந்துவிடும். வெயிலும் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். முக்கியமாக, சமையல் கிண்ணம் வேண்டாம்; அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் டப்பா ஒதுக்கிவிடுங்கள்!

ஆல்பத்தில் பசையோ செல்லோடேப்போ போட்டு ஒட்டினால் தலை பாழ். தலைகளைச் செருகி வைக்கும் ஆல்பம் கடைகளில் கிடைக்கிறது. கையால் எடுக்காமல், முனை தட்டையான இடுக்கியால் எடுக்கப் பழக்குங்கள். மழைக்காலத்தில் ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். புதுச் செருப்பு, கைப்பை வாங்கும்போது உள்ளே வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டைப் பக்கத்தில் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தவழும் குழந்தை உள்ள வீடானால் அந்தப் பொட்டலம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும், வாயில் போட்டுக்கொள்ளும்.

படமுத்திரை வேண்டுமானால், உறையில் தலை ஒட்டி, அந்த ஊர்த் தபால் நிலையத்தில் கேட்டால் போதும். போக முடியாத ஊரானால், உங்கள் முகவரி எழுதித் தலை ஒட்டிய உறையை இன்னொரு உறைக்குள் வைத்து, போஸ்ட்மாஸ்டருக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். முத்திரை குத்தி உங்களுக்கே தபாலில் வரும். புதிதாக வரும் தலைகள் தவறாமல் வேண்டுமென்றால், சென்னை அண்ணா சாலை, கோவை போன்ற தலைமைத் தபால் நிலையங்களில் 200 ரூபாய் கட்டி வைப்புக் கணக்குத் தொடங்கலாம். 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளுக்காக 2017இல் 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' என்ற உதவித்தொகைத் திட்டமும் தபால் துறை தொடங்கியது. இந்தப் பொழுதுபோக்கில் தேறிய மாணவர்களுக்கு வருஷம் 6,000 ரூபாய். அதற்காகக் குழந்தையை விரட்ட வேண்டாம். விலை உயரும் என்று காசைக் கொட்டவும் வேண்டாம்.

பந்தலூர் தபால் நிலையத்தில்

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் (மழை வந்தால் கரண்ட் போய்விடுகிறது!) அந்த அம்மா சொல்லச் சொல்ல என் பெண் ஒரு கடிதம் எழுதினாள். "வாட்ஸ்அப்ல போட்டுக் கேட்கலாமே, அந்தப் பக்கம் யாராவது பார்ப்பாங்க" என்று தோழி சொன்னாள். "அதுவும் போடுங்க டீச்சர். ஆனா அவ கடுதாசி எழுதுனா. நானும் கடுதாசிதான் எழுதணும்" என்றுவிட்டார்.

கடிதம் பெரிதாக ஒன்றுமில்லை. மாமா காலமானது, பேரன்கள் திருப்பூரில் வேலை பார்ப்பது, கொல்லையில் பலா காய்ப்பது. கடைசியில், 'மூணாவது புள்ள பேரை மறுபடியும் எழுதி அனுப்பு. இந்தத் தடவை யாரையும் வெட்ட விடமாட்டேன்.' உறையின் மேல் தங்கை புருஷன் பெயர், 'மேல் டிவிசன், தலவாக்கலை, இலங்கை' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். அனுப்புநர் இடத்தில் சேரங்கோடு, பந்தலூர் வட்டம், நீலகிரி.

மறுநாள் அந்த அம்மாவும் எங்களோடு பஸ்ஸில் பந்தலூர் வரை வந்தார். தபால் நிலையத்தில் உறையை நிறுத்துப் பார்த்து, கேட்ட மதிப்புக்குத் தலை கொடுத்தார்கள். என் பெண் கோணாமல் ஒட்டினாள். "பெட்டியில் போட்டுவிடுங்கள்" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். அந்த அம்மா நகரவில்லை.

"ஐயா, நீங்களே ஒரு குத்துக் குத்துங்க. ஊரு பேரு தெளிவா விழணும். அவ பேரப்புள்ளைக எடுத்துப் பாத்தாலும், எங்கருந்து வந்துச்சுன்னு தெரியணும்."

அவர் ஒரு கணம் இவரைப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து, மைப்பெட்டியில் இரண்டு முறை தட்டி, ஒரு வெற்றுக் காகிதத்தில் குத்திச் சரிபார்த்து, அப்புறம் உறையின் மேல் நிதானமாக அழுத்தினார். பந்தலூர் என்ற பெயரும் தேதியும் முழு வட்டமாக, அழகாக விழுந்தன.

நாற்பது வருஷத்து இடைவெளி. தோட்டத்தின் பெயர் தெரியாத முகவரி. போய்ச் சேருமோ சேராதோ! பதில் வந்தால் இதே பக்கங்களில் உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் முதல் காரியமாக ஆல்பத்தின் முதல் பக்கத்தைக் காலி செய்தாள். இப்போது அங்கே இருப்பது தேயிலைத் தலை அல்ல. மாமியார் எனக்கு எழுதிய இன்லண்டு லெட்டர், முழுசாக.